பங்காளிப் பந்தயம்

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஒரே தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான இரண்டு கார் நிறுவனங்கள் பந்தயத் தடத்தில் எதிரெதிரே நிற்கும்போதும் இந்தச் சொலவடை செல்லுபடியாகுமா? 2014 முதல் 2016 வரை ஔடியும் போர்ஷேயும் மோதிய ஆண்டுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்களில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள். இரண்டும் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பிள்ளைகள். எது வென்றாலும் கோப்பை வொல்ஃப்ஸ்பர்க் வீட்டுக்குத்தான் போகிறது. பணம் போடுவதும் அதே கை. பிறகு என்ன போட்டி, இது கூத்துமேடை வாள்சண்டைதானே என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதம் பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பிரான்ஸின் லெ மான் நகரில் 1923இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம்தான் களம். ஏறத்தாழ 13.6 கிலோமீட்டர் நீளமுள்ள தடம். அதன் கணிசமான பகுதி மற்ற நாட்களில் மக்கள் வண்டியோட்டும் பொதுச்சாலை. ஒரு காரை மூன்று ஓட்டுநர்கள் மாறிமாறி ஓட்டுவார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தபின் அதிகச் சுற்றுகளை முடித்த கார் வென்றதாகும். வேகம் மட்டும் போதாது, உடையாமல் இருக்க வேண்டும். ஆகவே இங்கு தோற்பது ஒரு வண்டி மட்டுமல்ல, அதைக் கட்டியவர்களின் கருத்தும்தான்.

ஐயப்படுகிறவர்களுக்கு முதலில் அவர்களுடைய பங்கைக் கொடுத்துவிடுவோம். 2003இல் பென்ட்லி வென்றது. 1930க்குப் பின் அந்தப் பெயர் லெ மானில் வென்றது அதுவே முதல் முறை. ஆங்கிலப் பச்சை நிறத்தில் வந்த அந்தக் காரின் எஞ்சின் ஔடியின் எஞ்சினிலிருந்து பிறந்தது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளும் ஔடியில் வென்ற டாம் கிறிஸ்டன்சன்தான் அந்த ஆண்டு பென்ட்லியில் அமர்ந்தார். ஔடியின் தொழிற்சாலை அணி அவ்வாண்டு ஒதுங்கிக்கொண்டது, தனியார் அணிகளே ஔடிகளை ஓட்டின. பென்ட்லிகள் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன, ஔடி மூன்றாவதாக வந்தது. கார் திறமையானதுதான், ஓட்டியவர்களும் உழைத்தவர்கள்தான். ஆனாலும் வீட்டுப் பெரியவர் ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டு இன்னொரு பிள்ளையை அனுப்பிய வெற்றி அது. அதைப் போட்டி என்று நாங்களும் சொல்லமாட்டோம்.

2014 அப்படிப்பட்டதல்ல. 1998க்குப் பின் முதல் முறையாகப் போர்ஷே முழுவெற்றிக்கான பிரிவுக்குத் திரும்பிய ஆண்டு அது. அவ்வாண்டு வந்த புதிய விதிகள் ஒரு சுற்றுக்கு எவ்வளவு எரிபொருள் என்று அளந்து கொடுத்தன. எஞ்சின் எப்படியிருக்க வேண்டும், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை எப்படிச் சேமிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பொறியாளர் விருப்பத்துக்கே விட்டுவிட்டன. ஒரே கேள்வித்தாள், விடை அவரவருடையது. இங்கோல்ஷ்டாட்டில் இருந்த ஔடி 4 லிட்டர் டீசல் எஞ்சினையும், ஆற்றலைச் சுழலும் சக்கரத்தில் சேமிக்கும் முறையையும் தேர்ந்தது. சுற்றுக்கு 2 மெகாஜூல் மின்னாற்றல் போதும் என்றது. வைசாக்கில் இருந்த போர்ஷேயோ 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைக் கட்டியது, அதிலும் நான்கே சிலிண்டர்கள். ஆற்றலை மின்கலத்தில் சேமித்தது. பிரேக்கிலிருந்து மட்டுமின்றிப் புகைப்போக்கியில் வெளியேறும் வாயுவிலிருந்தும் மின்சாரம் எடுத்தது. 6 மெகாஜூலில் தொடங்கி அடுத்த ஆண்டே உச்ச வரம்பான 8க்குப் போனது. ஒரே குழுமத்தின் இரு பிள்ளைகள், ஒரு திருகாணியைக்கூடப் பகிர்ந்துகொள்ள மனமில்லாதவர்களைப் போல நின்றார்கள்.

2014இல் கடைசி மணி நேரங்களில் முன்னணியில் இருந்த போர்ஷே பழுதாகி நின்றது, ஔடி வென்றது. 2000இலிருந்து கணக்கிட்டால் அது ஔடியின் 13ஆவது வெற்றி. அதுவே கடைசி வெற்றியும் ஆயிற்று. 2015, 2016, 2017 மூன்றாண்டும் போர்ஷேயுடையவை. ஜப்பானிய டொயோட்டா இந்த இருவருக்கும் நடுவில் நின்று எல்லோரையும் விழித்திருக்கச் செய்தது. வீட்டுச் சண்டைக்கு வெளியாள் ஒருவர் சாட்சியாக இருந்ததால் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வழியில்லை.

இந்தப் பங்காளிப் பகைக்கு வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1970இல் போர்ஷே முதன்முறையாக லெ மானை வென்றது. அந்த 917 காரை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தியவர் ஃபெர்டினாண்ட் பீயெக். நிறுவனரான ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மகள் லூயிஸே பீயெக்கின் மகன் அவர். லூயிஸேயின் தம்பி ஃபெரி போர்ஷே ஸ்டுட்கார்ட்டில் நிறுவனத்தை நடத்தினார். அக்காள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் குடும்பத்தின் விற்பனை நிறுவனத்தை நடத்தினார். அவ்வாண்டு போர்ஷேயின் அதிகாரபூர்வமான அணியாக இருக்கும் பொறுப்பு ஆங்கிலேயரான ஜான் வையரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆனால் சால்ஸ்பர்க் நிறுவனத்தின் பெயரிலும் அதே 917 கார்கள், தொழிற்சாலையின் துணையோடு, பந்தயத்துக்கு வந்து நின்றன. மழையில் நடந்த லெ மான் பந்தயத்தில் வையரின் மூன்று கார்களும் முடிவை எட்டவில்லை. ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டிய சால்ஸ்பர்க் கார் வென்றது. மாமன் வீட்டு அணியை அக்காள் வீட்டு அணி வென்றது என்று சொல்லிவிடலாம்.

இரண்டே ஆண்டுகளில், குடும்பத்தார் யாரும் நிர்வாகத்தில் இருக்கக்கூடாது என்று முடிவாகி, பீயெக் வெளியேறி ஔடிக்குப் போனார். ஔடியை உயர்த்தி, 1993இல் ஃபோக்ஸ்வேகனின் தலைவரும் ஆனார். பின்னாளில் போர்ஷே ஃபோக்ஸ்வேகனை விழுங்கப் பார்த்துக் கடனில் சிக்கியது. 2012இல் போர்ஷேதான் ஃபோக்ஸ்வேகனுக்குள் முழுதாக அடங்கியது. ஆகவே 2014இல் லெ மானில் எதிரெதிரே நின்றவை விளம்பரத்துக்காக ஒட்டிய இரண்டு பெயர்ப்பலகைகள் அல்ல. தனித்தனி ஊர், தனித்தனிப் பெருமை, தீராத பழைய கணக்கு எல்லாம் அவற்றின் பின்னே இருந்தன.

அப்படியானால் ஐயப்படுகிறவர்கள் சொல்வதில் உண்மை எங்கே இருக்கிறது? முடிவில் இருக்கிறது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு, ஃபோக்ஸ்வேகனின் டீசல் கார்கள் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டுவதாக அறிவித்தது. பந்தயக் காருக்கும் அந்தப் பித்தலாட்டத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அபராதமும் இழப்பீடும் ஒரே பணப்பையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. டீசலைப் புகழ்ந்து ஓட்டிய பந்தயத்துக்கும் பொருள் இல்லாமல் போயிற்று. 2016 அக்டோபரில் ஔடி விலகலை அறிவித்தது. கடைசிப் பந்தயமான பஹ்ரைனில் முதலிரண்டு இடங்களையும் பிடித்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டே போர்ஷேயும் போனது. போட்டி பொய்யாக இருந்ததால் நிற்கவில்லை. மெய்யாக இருந்தும், அதை நிறுத்தும் உரிமை தடத்தில் தோற்றவரிடமும் இல்லை, வென்றவரிடமும் இல்லை, மேலே இருந்தவரிடம் இருந்தது. எங்களுக்கு உறுத்துவது இதுதான்.

ஒரே வீட்டில் இரண்டு அணிகளுக்குச் செலவழிப்பது வீண் என்பார் கணக்கர். அவருக்கு ஒரு பதில் உண்டு. போர்ஷேயின் பந்தயக் கார் 800 வோல்ட் மின்னமைப்பில் ஓடியது. அந்த அனுபவம் 2019இல் வந்த டைகான் மின்காருக்குப் போனது. டைகானின் அடித்தளத்தின் மேல்தான் ஔடி தன் இ-ட்ரான் ஜிடி காரைக் கட்டியது. தடத்தில் தன்னைத் தோற்கடித்த விடையைத்தான் ஔடி பிறகு தன் வாடிக்கையாளருக்கு விற்றது. வீட்டில் அன்று ஒரே ஒரு விடை மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தால், அது டீசலாக இருந்திருக்கும்.

லெ மானின் பிந்தைய விதிகள் செலவைக் குறைக்கும் நோக்கில், குறிப்பிட்ட நான்கு நிறுவனங்களிடம் அடிச்சட்டத்தை வாங்கிக்கொள்ள இடம் கொடுத்தன. போர்ஷேயும் ஔடியும் ஒரே அடிச்சட்டத்தின் மேல் தத்தம் கார்களைக் கட்டுவதாக இருந்தது. 2022இல் ஔடி அதைக் கைவிட்டு ஃபார்முலா ஒன் பக்கம் திரும்பியது. அந்தப் பந்தயம் நடந்திருந்தாலும் நாங்கள் பெரிதாக மகிழ்ந்திருக்கமாட்டோம். எலும்பு ஒன்றாகவும் சட்டை இரண்டாகவும் இருக்கும் இடத்தில் கருத்து மோதுவதற்கு வாய்ப்பு குறைவு.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. ஒரே பதிப்பகம் இரண்டு இதழ்கள் நடத்தினால் நாம் என்ன பார்ப்போம்? அட்டையையும் எழுத்துருவையும் அல்ல. ஓர் இதழ் திருப்பியனுப்பிய கதையை மற்றது துணிந்து வெளியிடுமா என்று பார்ப்போம். அந்தத் துணிவு 2014 முதல் 2016 வரை லெ மானில் இருந்தது. ஒரே குழுமத்துக்குள் இரண்டு பெயர்கள் மோதுவதாக இனி யாரேனும் விளம்பரம் செய்தால், நாம் கேட்க வேண்டியது யார் வென்றார் என்பதை அல்ல, இரண்டு விடைகள் இருந்தனவா என்பதை.