ஆக்கப் பொறுப்போம், ஆறவும் பொறுப்போம்

வரப்போகும் ஒன்றை எண்ணி மகிழ்வது மனித இயல்பு. திருவிழாவைவிடத் திருவிழாவுக்கு முந்தின நாள் இனிக்கிறது. தைக்கக் கொடுத்த புத்தாடை கைக்கு வந்து சேரும்வரை நம் கற்பனையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. இந்த இன்பம் தவறன்று. ஆனால் கற்பனையில் கண்ட ஆடைக்காகத் தையற்காரரோடு சண்டைக்குப் போனால் அதை என்னவென்பது? இன்றைய வீடியோ விளையாட்டு உலகில், புதிய விளையாட்டு ஒன்று வெளிவரும் முன்னரே அதன் ரசிகர்களிடையே நடப்பது ஏறக்குறைய இதுதான்.

வீடியோ விளையாட்டுகளில் 'ரோல் ப்ளேயிங்' என்று ஒரு வகை உண்டு. ஆடுபவர் கதைமாந்தர் ஒருவரின் இடத்தில் நின்று, அவருடைய பேச்சையும் செயலையும் முடிவுகளையும் தாமே தேர்ந்தெடுப்பார். தேர்வுக்கேற்பக் கதையும் திரும்பும். கார்ப் பந்தய விளையாட்டு ஒன்று வரப்போகிறது என்றால், 'கார் எவ்வளவு வேகமாக ஓடும்?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வோம். இவ்வகை விளையாட்டிலோ, 'நான் யாராக வாழப்போகிறேன்?' என்று கனவு காணத் தொடங்குகிறோம். கனவுக்கு எல்லை இல்லை. கணிப்பொறிக்கு எல்லை உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் ஏமாற்றம் பிறக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'சைபர்பங்க் 2077'. போலந்து நாட்டின் வார்சா நகரில் உள்ள சி.டி. ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் இதனை 2012இல் அறிவித்தது. 2015இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'விட்சர் 3' உலகப் புகழ் பெற்றதால், அடுத்து வருவது அதனினும் சிறக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 2018இல் 48 நிமிட முன்னோட்டக் காட்சி ஒன்று வெளியாயிற்று. இன்னும் செய்து முடியாத படைப்பு இது என்று அக்காட்சியின் மீதே எழுதியிருந்தார்கள். எழுத்தைக் கண்டவர் எத்தனை பேர்? படத்தைக் கண்டு மயங்கியவரே மிகுதி. 2019இல் நடிகர் கீயானு ரீவ்ஸ் மேடையில் தோன்றி அறிமுகம் செய்தபோது ஆர்வம் கரை கடந்தது. 2020 ஏப்ரலில் வருவதாக இருந்த விளையாட்டு மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. அதற்குள் முன்பதிவு செய்து வாங்கியவர் மட்டும் 80 இலட்சம் பேர்.

விளைவு என்ன? பழைய கருவிகளான ப்ளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் விளையாட்டு திக்கித் திணறியது. இடையிலேயே நின்றும் போயிற்று. ஒரு வாரத்திலேயே சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூன் மாதம்தான் மீண்டும் அங்கே இடம் கிடைத்தது.

இதில் நிறுவனத்தின் குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது நன்றாக ஓடிய கணிப்பொறிப் பதிப்பை மட்டுமே. பழைய கருவிகளில் அதன் நிலை என்ன என்பது வாங்கியவருக்குத் தெரியாமல் போயிற்று. 2021 ஜனவரியில் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி பொதுவில் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியதுதான்.

ஆனால் தோழியரே, ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். 2020 அக்டோபரில் வெளியீட்டு நாள் மூன்றாம் முறை தள்ளிப்போனபோது, அதைச் செய்துகொண்டிருந்த தொழிலாளர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஐந்து நாள் வாரம் வழக்கமாக உள்ள அந்நாட்டில், அவர்கள் அப்போது ஆறாவது நாளும் கட்டாயமாக உழைத்துக்கொண்டிருந்தவர்கள்! வெளியீட்டுக்கு முன் பத்துக்கு ஏழு மதிப்பெண் கொடுத்த பெண் விமர்சகர் ஒருவர் வசைமாரிக்கு ஆளானார். இந்த விளையாட்டில் வரும் ஒளிச்சிமிட்டல் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று எச்சரித்த மற்றொரு பெண்ணுக்கு, வலிப்பைத் தூண்டும் படக்காட்சிகளையே சிலர் அனுப்பினார்கள். இவ்வாறு செய்தவர்கள் அந்த விளையாட்டை அதுவரை ஆடிப் பார்த்தவர்கள்கூட அல்லர். பாராத ஒன்றுக்காக, பார்த்துச் சொன்னவரைத் தாக்கினார்கள். இதைவிட விந்தை உண்டா?

இதற்குக் காரணம் என்ன? விரும்புவதும் விசுவாசம் காட்டுவதும் ஒன்றென்று கருதியதுதான். ஒரு பொருளை விரும்புகிறவர் அதன் குறையைச் சொன்னால் கேட்டுக்கொள்வார். அதற்குத் தம்மையே ஒப்புக்கொடுத்தவரோ, குறை சொன்னவரைப் பகைவராகக் காண்பார். முதலாமவர் ரசிகர், இரண்டாமவர் சம்பளம் இல்லாத காவற்காரர். பின்னர் பொருள் பழுதானதென்று தெரிந்தால், வானளாவப் புகழ்ந்த அதே வாய் மண்ணில் போட்டு மிதிக்கவும் தயங்குவதில்லை. இரண்டு நிலையிலும் அவர் விளையாட்டைப் பார்க்கவில்லை. தம் கனவை மட்டுமே பார்த்தார்.

'எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் நிறுவனங்களுக்கு அல்லவா கொண்டாட்டம்? குறையுள்ள பொருளையே விற்பார்களே!' என்று சிலர் கேட்கலாம். நான் சொல்வது எதிர்பார்ப்பைக் குறைப்பதன்று. கண்டதன்மேல் அதை நிறுத்துவது. நல்ல பொருளைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. அந்த உரிமைக்கு வலிமை தருவது பொறுமையே. பாராமலே பணம் கொடுக்க 80 இலட்சம் பேர் வரிசையில் நிற்கும்போது, எந்த வணிகர் தம் சரக்கைத் திறந்து காட்டுவார்?

திறந்து காட்டியவரும் உண்டு. பெல்ஜியம் நாட்டு லாரியன் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் விளையாட்டின் முதற்பகுதியை மட்டும் 2020 அக்டோபரில் வெளியிட்டது. இது முடியாத பணி, குறைகள் இருக்கும் என்று சொல்லியே விற்றது. ஆடியவர்கள் கூறிய கருத்துகளைக் கேட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழுமையாகத் தந்தது. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதும் பெற்றது. எல்லா நிறுவனங்களும் இவ்வழியில் செல்ல இயலாது என்பது உண்மையே. ஆனால் ஆடிப் பார்த்து வளர்ந்த எதிர்பார்ப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு இது சான்று.

சைபர்பங்கின் கதையும் தோல்வியில் முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் பழுது பார்த்து, 2023 செப்டம்பரில் பெருந்திருத்தம் ஒன்றையும் புதிய கதைப்பகுதி ஒன்றையும் வெளியிட்டார்கள். 2024 நவம்பருக்குள் 3 கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. முதல் நாளே முந்தியவர் பெற்றது பழுது. பொறுத்திருந்தவர் பெற்றது முழுமை.

இப்போது அதே நிறுவனம் 'விட்சர் 4' செய்துவருகிறது. 2024 டிசம்பரில் முன்னோட்டம் வந்தது. முன்பு நாயகனாக இருந்த கெரால்ட்டுக்குப் பதில், அவன் மகளாக வளர்த்த சிரி நாயகி என்று தெரிந்ததும் வாழ்த்தும் வசையும் தொடங்கிவிட்டன. 2025 ஜூனில் காட்டிய காட்சி ஒரு தொழில்நுட்பச் சோதனையே, விளையாட்டு அன்று என்று நிறுவனமே தெளிவாகக் கூறியது. இம்முறையாவது அந்த எழுத்தைப் படிப்போமா?

வழி மிக எளிது. ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தில் 'அவர்கள் காட்டியது' என்றும், மறு பக்கத்தில் 'நாமாக எண்ணிக்கொண்டது' என்றும் எழுதிப் பாருங்கள். இரண்டாம் பக்கம் நீண்டுகொண்டே போனால், அந்தக் கடனை எந்த நிறுவனத்தாலும் அடைக்க முடியாது. நம் வீட்டில் உள்ள கருவியில் எவ்வாறு ஓடுகிறது என்று ஆடியவர் சொல்லும்வரை பணப்பையைத் திறக்க வேண்டாம். மாற்றுக் கருத்துச் சொன்னவருக்குக் காரணத்தால் பதில் சொல்வோம். காரணம் இல்லையென்றால் வாய்மூடி இருப்போம். நாள் தள்ளிப்போனால், திரைக்குப் பின்னால் உறங்காமல் உழைக்கும் கைகளை நினைப்போம்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது பழமொழி. நம் காலத்தவருக்கோ ஆக்கவே பொறுக்கவில்லை. உலை கொதிக்கும் முன்பே இலை போட்டுச் சமைப்பவரைத் திட்டுகிறோம். தோழியரே, ஆசையோடு காத்திருங்கள். ஆனால் அடுப்பங்கரையில் நிற்பவரும் நம்மைப்போல மனிதரே என்பதை மறவாதிருங்கள்.