அஸ்திவாரத்துக்குக் கீழே

பொள்ளாச்சியைச் சுற்றித் தோப்புகள் சைட்டுகளாகிக்கொண்டிருக்கின்றன. உடுமலை ரோடு, பாலக்காடு ரோடு, கோவை ரோடு என எந்தப் பக்கம் போனாலும், தென்னையை வெட்டிச் சாய்த்த இடத்தில் எல்லைக்கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். வாங்க வருகிறவர் திசை பார்க்கிறார், பட்டா பார்க்கிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். தரைக்கு மூன்றடி கீழே என்ன ஓடுகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

மற்ற ஊர்களில் எப்படியோ, இந்த வட்டாரத்தில் அதைக் கேட்டே ஆக வேண்டும். இங்கே கிணறு ஒருவர் பூமியில் இருக்கும். அதன் தண்ணீர் பாயும் காடு நாலு வயல் தாண்டி வேறொருவருடையதாக இருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நிலத்தைக் கூறு போடலாம், கிணற்றைக் கூறு போட முடியாது. அதனால்தான் கொங்குப் பகுதிப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் கிணற்றுப் பாத்தியம், மோட்டார் சர்வீஸ் பாத்தியம், பைப்லைன் பாத்தியம், மாமூல் தடப் பாத்தியம் என்று வரிசையாக எழுதிவைத்தார்கள் நம் பெரியவர்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால்கள் வந்தபின், வாய்க்காலோரக் கிணறுகளிலிருந்து வெகு தூரத்துத் தோப்புகளுக்கும் குழாய் பதித்தார்கள். அனுமதியோடு போட்டதும் உண்டு, அனுமதி இல்லாமல் போட்டதும் உண்டு. எதுவானாலும், யார் யார் பூமிக்கு அடியிலோ அவை கிடக்கின்றன.

தோப்பு கைமாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தாய்ப் பத்திரத்தில் தெளிவாக இருந்த பைப்லைன் பாத்தியம், அடுத்த கிரயத்தில் சுருங்குகிறது. அதற்கடுத்த கிரயத்தில் காணாமலே போகிறது. நிலத்தை ஐந்து சென்ட், மூன்று சென்ட் என்று பிரித்து விற்கும்போது எந்த சைட்டுக்கு அடியில் குழாய் போகிறது என்று எழுத யாருக்கும் அக்கறை இல்லை. ஒருநாள் வீடு கட்ட ஜேசிபி வானம் தோண்டுகிறது. பிவிசி குழாய் உடைகிறது. பக்கத்துத் தோப்புக்காரர் ஓடி வருகிறார், சண்டை மூள்கிறது.

அன்றே உடைந்துவிட்டால் நல்லது என்போம். உடையாமல் தப்பி, அதன்மேல் போர்டிகோவும் சம்ப்பும் எழும்பிவிட்டால்தான் கேடு. பத்தாண்டு கழித்து ஜாயின்ட்டில் கசிவு வரும். மண் ஊறி அஸ்திவாரம் இறங்கும், சுவரில் விரலளவு வெடிப்பு விடும். தோட்டத்துக்காரர் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பார். டைல்ஸ் போட்ட தரையை உடைக்க விடமாட்டேன் என்பார் வீட்டுக்காரர். தண்ணீர் இல்லாமல் தென்னை குரும்பை உதிர்க்கும். வழக்கு முன்சீப் கோர்ட்டில் கிடக்கும்.

சட்டம் இதில் குழப்பமாக இல்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் முதலில் அமலான மாகாணங்களில் சென்னையும் ஒன்று. இன்னொருவர் நிலத்தின் வழியே குழாய் கொண்டுபோகும் உரிமை உள்ளவர், அதைப் பழுது பார்க்க அந்த நிலத்துக்குள் வந்து தோண்டலாம். ஆனால் தோண்டிய இடத்தை முன்பிருந்தபடி மூடித்தர வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு உதாரணத்தோடு விளக்குகிறது. குழாய்ப் பாத்தியம் உள்ள நிலத்தை வாங்குகிறவர் அந்தப் பாத்தியத்தையும் சேர்த்தே வாங்குகிறார். ‘என் கிரயத்தில் இல்லையே’ என்ற ஒரே பதில் அவரைக் காப்பாற்றிவிடாது.

இவை தண்ணீர்க் குழாய்கள். கோவை மாவட்டத்துக்கு அடியில் பெட்ரோலும் டீசலும்கூட ஓடுகின்றன. கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் போகும் எரிபொருள் குழாய் 20 ஆண்டுகளுக்கு மேலாக நம் விவசாயிகளின் நிலங்களுக்குள் கிடக்கிறது. கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விளைநிலங்களை அறுத்துக்கொண்டு போகும் என்றபோது கொங்கு விவசாயிகள் தெருவுக்கு வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றது 2013இல் அன்றைய தமிழக அரசு. உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது.

அந்த விவசாயிகளின் கோபம் நியாயமானது. எரிபொருள் குழாய்களுக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். குழாய் நிறுவனத்துக்குப் போவது பயன்பாட்டு உரிமை மட்டுமே. ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறோ தொட்டியோ வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. கெயில் கேட்டது 20 மீட்டர் அகலம். இருபத்தைந்து அடிக்கு ஒன்றாகத் தென்னை வைக்கும் ஊரில், அது கிட்டத்தட்ட மூன்று வரிசைத் தென்னை. பயிர், மர இழப்பீடு தனி. அந்த உரிமைக்காகச் சட்டம் வைத்த விலை, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கணக்கை மாற்றாமல் வைத்திருப்பது அநீதி. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

அநீதி இருக்கிறது என்பதற்காக அந்தப் பட்டையின்மேல் வீடு கட்டிக்கொள்ளவும் முடியாது. கட்டினால் மாவட்ட நீதிமன்ற உத்தரவோடு இடிப்பார்கள், இடித்த செலவையும் கட்டியவரிடமே வாங்குவார்கள். இடிப்பு போகட்டும், உயிர் என்னாவது? 2014 ஜூன் 27 அதிகாலை, ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குழாய்க்குப் பக்கத்திலேயே வீடுகள் இருந்தன. 2004 ஜூலை 30 அன்று பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியன் என்ற ஊரில் இதேபோல் எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். அங்கே கட்டட வேலையின்போது இயந்திரம் பட்டுக் குழாய் முன்பே காயப்பட்டிருந்தது. வானம் தோண்டும் ஒவ்வொரு ஜேசிபி ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டிய சம்பவம் இது.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2024 ஜூலையிலிருந்து தமிழக அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி தருகிறது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரே சான்றளித்து இணையத்தில் உடனே அனுமதி பெறலாம். நல்ல திட்டம், அலுவலகம் அலுவலகமாக நடந்து தேய்ந்த சாமானியருக்கு இது பெரிய விடுதலை. ஆனால், மனையை நேரில் வந்து பார்க்காமலே அனுமதி கிடைக்கும்போது, மண்ணுக்குள் இருப்பதை அந்த இணையதளமாவது சொல்ல வேண்டாமா?

சொல்ல முடியும். எரிபொருள் குழாய் போகும் ஒவ்வொரு சர்வே எண்ணும் மத்திய அரசிதழில் அச்சாகியிருக்கிறது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை வரைபடங்கள் குடிநீர் வாரியத்திடமும் நகராட்சியிடமும் உள்ளன. இவற்றைப் பட்டாவோடும் அனுமதி இணையதளத்தோடும் இணைத்து, சர்வே எண்ணை அடித்ததும் எச்சரிக்கை வரச் செய்வது அரசுக்குப் பெரிய வேலையல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் போடும் வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். அரசிதழ் அறிவிப்பையும் அதில் தெரியவைக்க வேண்டும். ‘தோண்டும் முன் கேளுங்கள்’ என்பதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் செயலி ஒன்றைத் தொடங்கியது. தெருவைத் தோண்டும் நிறுவனங்களுக்காக வந்தது அது. சொந்த மனையில் போர்வெல் போடுகிறவருக்கும் அப்படி ஒன்று வேண்டும். கோவையில் சமையல் எரிவாயுக் குழாய் வீட்டுத் தெருக்களுக்கே வரத் தொடங்கிய பிறகு இன்னும் அவசரமாக வேண்டும்.

அரசு செய்யும்வரை வாங்குகிறவர் சும்மா இருக்க வேண்டாம். கடைசிக் கிரயத்தோடு நிற்காமல், தோப்பாக இருந்த காலத்துத் தாய்ப் பத்திரத்தை வாங்கிச் சொத்து விவரத்தை வரி விடாமல் படியுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று விசாரியுங்கள். ஊராட்சியில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவருக்கு எந்தக் குழாய் எந்த மனைக்கு அடியில் போகிறது என்பது அத்துப்படி. பாத்தியக் குழாய் இருப்பது தெரிந்தால், பேசி முடித்து, அதை வேலியோரமாக மாற்றிப் பதித்துக்கொள்வது பெரும்பாலும் நடக்கிற காரியம்தான். காங்கிரீட் போடுவதற்கு முன்னால் அதற்கு ஆகும் செலவும் குறைவு. மாற்றியபின், வடபுற எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை அடி ஆழத்தில், யாருக்காகப் போகிறது என்று இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.