மாடியில் கட்டப்பட்ட ஹஸ்கி

கடந்த சித்திரையில் சுந்தரபாண்டியத்திலுள்ள உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மாடிப்படி ஏறுமுன்னரே ஓநாயின் குரலை ஒத்த நீண்ட ஊளை கேட்டது. மேலே, தகரக் கூரையின் நிழலில், நீலக் கண்களும் அடர்ந்த உரோமமும் கொண்ட சைபீரியன் ஹஸ்கி ஒன்று நாக்குத் தொங்கக் கிடந்தது. கல்லூரியில் பயிலும் மகனின் பிடிவாதத்திற்காக வாங்கியதாம். "மாமு, நாய் வளர்ப்பது ஹராமா, மக்ரூஹா?" என்று அவன் கேட்டான்.

நம் இல்லங்களில் நாயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இக்கேள்வியோடு தொடங்கி இதனோடே முடிந்துவிடுகிறது. விடை அறியாததன்று. வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகிய தேவைகளின்றி நாய் வைத்திருப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் கீராத் அளவு குறையும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாயின் எச்சில் நஜீஸ் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு. ஷாஃபிஈகள் அதன் உடலையும் நஜீஸாகவே கருதுகின்றனர். அவனுக்கு இவற்றைச் சொன்னேன். ஆனால், அந்த நாய்க்கு அவன்மீது உள்ள உரிமையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

ஹஸ்கி, சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த இனம். 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறத்தாழ 150 நாய்கள் முறைவைத்து ஓடி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பனிவழியில் மருந்தைக் கொண்டு சேர்த்தன. அத்தகைய ஓட்டத்திற்குப் பிறந்த உயிருக்குப் பத்தடிச் சங்கிலி! இரட்டை அடுக்கு உரோமத்தோடு விருதுநகர் மாவட்டத்து வெயில்! தமிழக அரசின் 2024ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கையே, நம் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாத இனங்களுள் ஹஸ்கியையும் சேர்த்தது.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதால் மன்னிப்புப் பெற்ற பெண்ணின் செய்தியை நாம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்தமைக்காக நரகம் புகுந்த பெண்ணின் செய்தி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. உணவளித்தால் போதும் என்று அந்த இளைஞன் எண்ணுகிறான். ஓட்டமும் குளிர்ச்சியும் ஹஸ்கிக்கு உணவை ஒத்த தேவைகளே என்பது என் கருத்து.

வேடிக்கை என்னவெனில், சில மைல் தொலைவிலுள்ள இராஜபாளையத்தின் பெயரிலேயே ஒரு நாய் இனம் உண்டு. 2005இல் அதற்கு அஞ்சல்தலையும் வெளியாயிற்று. தோப்பும் ஆட்டுக்கிடையும் உடையவருக்கு அது காவலாகும். மார்க்கம் அளித்த விலக்கிலும் அடங்கும். மாடியில் கட்டுவதற்கு அதுவும் உரியதன்று. குகைவாசிகளின் நாயைக்கூடக் குர்ஆன் (18:18) வாசற்படியில் முன்கால்களை விரித்துக் கிடந்ததாகவே காட்டுகிறது.

அவன் இப்போது பஜ்ரு தொழுதவுடன் ஹஸ்கியைக் கண்மாய்க் கரையில் ஓட்டிச் செல்கிறான். கொடைக்கானலில் தோட்டமுடைய ஒருவர் அதனை ஏற்க இசைந்துள்ளார். கொடுத்த விலையை இழந்து அனுப்புவதற்கு அவனுடைய அத்தாவுக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை.