ஜேர்னல் பெருசா இருந்தா ஞாபகம் தப்புமா?

முள்ளிக்குளத்து அம்மம்மா ஒருவர் தன்ர வளவைப் பற்றி நாற்பது நிமிடம் கதைத்ததை ஒலிப்பதிவு செய்திருந்தோம். அதை லாப்டொப்பில் ஏற்றும்போது கரண்ட் போய்விட்டது. பற்றரி எப்பவோ செத்த லாப்டொப். கரண்ட் வந்து போட்டுப் பார்த்தால், லினக்ஸ் ஒரு குறையும் சொல்லாமல் எழும்புது. ஃபைலும் இருக்கு. ஆனால் பதினோராவது நிமிடத்தோட அம்மம்மா நிப்பாட்டிட்டா. நல்லகாலம், ரெக்கோடர் கார்டை நாங்கள் அழிக்கவில்லை.

"ஜேர்னல் சைஸைக் கூட்டு மச்சான். ஒரு ஜிபி குடுத்தா ஒண்டும் போகாது" எண்டான் நண்பன். நானும் நம்பினேன். தேடி வாசித்த பிறகுதான் அது பிழை எண்டு விளங்கினது.

கரையில் மீன் நிறுக்கும்போது சின்னக் கொப்பியில் அவசரமாக எழுதி, பின்னேரம் பெரிய கணக்குக் கொப்பிக்கு மாற்றுவார்கள். ஜேர்னல் அந்தச் சின்னக் கொப்பி. 2001இல் எக்ஸ்ட்3 மூலம் லினக்ஸின் எக்ஸ்ட் வரிசைக்குள் வந்தது. இப்போது எக்ஸ்ட்4இல் இருக்கிறது. இடையில் கரண்ட் போனால், சின்னக் கொப்பியைப் பார்த்துப் பெரிய கொப்பியைச் சரிக்கட்டும்.

ஆனால் அந்தக் கொப்பியில் வழமையாக எழுதப்படுவது ஃபைலின் பெயர், அளவு, இருக்கிற இடம் மட்டும்தான். அம்மம்மாவின் குரல் அதில் இல்லை. ஜேர்னல் காப்பாற்றுவது டிஸ்கின் ஒழுங்கை, உள்ளடக்கத்தை இல்லை. உள்ளடக்கத்தையும் ஜேர்னலில் எழுதச் சொல்லலாம். அப்போது எல்லாம் இரண்டு தரம் எழுதப்பட்டு வேகம் குறையும். அப்படிச் செய்தாலும், கொப்பி முடியாத ஃபைலின் மிச்சம் எங்கிருந்து வரும்?

அப்போ சைஸ் எதுக்கு? கொப்பி சின்னனெண்டால் அடிக்கடி நிரம்பும். நிரம்பினால் எழுத்து நின்று காத்திருக்கும். நூறு பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற சேர்வருக்கு அது பெரிய பிரச்சினை. மிகப் பெரிதெண்டால் இடம் போகும், மீட்கிற நேரமும் கூடலாம். 4 கேபி ப்ளொக் உள்ள எக்ஸ்ட்4இல் ஆகக்குறைந்தது 4 எம்பி. பெரிய டிஸ்குகளுக்கு முன்பு 128 எம்பி தானாகவே அமையும். இப்போது 1 ஜிபி வரை போகும். எங்களைப் போல ஆட்களுக்கு அது தாராளம். கை வைக்கத் தேவையில்லை.

இன்னொன்று: எங்கட பென் டிரைவ், மெமரி கார்டுகளில் அனேகமாக இருப்பது ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட். அவற்றில் ஜேர்னலே கிடையாது. எங்கட ஊர் ஞாபகங்களில் பாதி அதிலதான் கிடக்கு!

2007 செப்டெம்பரில் முள்ளிக்குளம் சனம் வெளியேற்றப்பட்டது. ஊர் கடற்படைத் தளமானது. 2017இல் வீதியில் இருந்து போராடிய பிறகுதான் 100 ஏக்கரை விடுவதாகச் சொன்னார்கள். எந்த வேலி யாருடையது, எந்தக் கிணறு எங்கே இருந்தது எண்டு சொல்லக்கூடிய ஆட்களுக்கு வயது போகுது. அந்தக் குரல்களைத் திரும்பப் பதிய எப்போதும் சந்தர்ப்பம் கிடைக்காது.

ஆகவே ஜேர்னல் சைஸை விடுங்கோ. மூன்று பிரதி எடுங்கோ. ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். கொப்பி பண்ணின பிறகு கடைசி நிமிடம் வரை ஓடவிட்டுக் கேளுங்கோ. அதுவரை கார்டை அழிக்காதேங்கோ.