நின்ற வண்டிக்கு என்ன பெருமை?

"அண்ணா, 2010 மாடல். ஆனா வெறும் பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கு!"

புனேயிலிருந்து சாக்கன் போகும் கம்பெனி பஸ்ஸில், ஈரோட்டுத் தம்பி ஒருவன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். திரையில் சிவப்பாக ஒரு ஜெர்மன் வண்டி. இரண்டே இருக்கை, மடங்கும் கூரை. கீழே விற்பவரின் வாசகம்: டாக்டர் ஓட்டியது, ஷோரூம் கண்டிஷன், 18,000 கி.மீ. மட்டும். நம்மூர் கார் கன்சல்டிங் கடைகளில் காது புளித்த அதே வாசகம்தான், புனேயில் அதையே "டாக்டரச்சி காடி" என்று மராட்டியில் சொல்கிறார்கள். மொழிவாரி மாநிலம் பிரித்தும் பிரிக்க முடியாத ஒற்றுமை இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 15 வருஷத்தில் 18,000 என்றால் வருஷத்துக்கு 1,200. மாதத்துக்கு 100. புனேயிலிருந்து லோனாவளா போய்வரவே 130 கிலோமீட்டர் ஆகும். மாதம் ஒருமுறை அங்கே சிக்கி மிட்டாய் வாங்கக்கூடப் போகாத ஸ்போர்ட்ஸ் கார்!

"அப்ப புதுசு மாதிரி இருக்கும்ல?" என்றான்.

இந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை. மீட்டரில் எண் குறைந்தால் வண்டி நல்லது என்பதை வாங்குபவர், விற்பவர், புரோக்கர், கடன் கொடுக்கும் வங்கிக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வேதமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷ வண்டிக்கு அது சரி. ஓட ஓடக் கிளட்ச் தேயும், சஸ்பென்ஷன் புஷ் தளரும், நான் மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் தாண்டிய வண்டியில், அதுவும் ஓட்டுவதற்கென்றே செய்த ஸ்போர்ட்ஸ் காரில், குறைந்த கிலோமீட்டர் என்பது நற்சான்றிதழ் அல்ல. "இத்தனை வருஷம் இதை ஏன் யாரும் எடுக்கவில்லை?" என்று கேட்க வேண்டிய இடம்.

திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு நின்றுபோனது. 1970-ல் மறுபடி ஓடியபோது, திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் பிரேக்கும் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. "இருபத்திரண்டு வருஷம் ஓடாத தேர், ரொம்ப நல்ல கண்டிஷன்" என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? பூட்டிக்கிடந்த வீட்டை வாங்கப் போனால் முதலில் ஓட்டைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று தெரிந்த ஜனம்தான் நாம். கார் என்று வந்தால் மட்டும் நாறும் கிணற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

இரும்பை விடுங்கள், அது பொறுமைசாலி. காரில் காலத்துக்குத் தோற்பது ரப்பர்தான். ரேடியேட்டர் ஹோஸ், ஆயில் சீல், எஞ்சின் மவுண்ட், டைமிங் பெல்ட் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படையும். ஃபெராரி எஃப்355 வைத்திருப்பவரைக் கேட்டால் சொல்வார்: சில வருஷத்துக்கு ஒருமுறை எஞ்சினையே கீழே இறக்கி பெல்ட் மாற்ற வேண்டும். வண்டி வருஷத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் தவணை தள்ளிப்போகாது, ஏனென்றால் அந்த பெல்ட்டுக்கு நாட்காட்டியும் ஒரு மீட்டர். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கும் ஈரத்தின் மேல் ஆசை. அந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யாத பழைய வண்டியின் டேங்க்கில் அது மாதக்கணக்கில் ஊறிக்கிடந்தால் ஹோஸும் பம்ப்பும் என்ன பாடுபடும்?

டயர் இன்னும் மோசம். பட்டன் முழுசாக இருப்பதைப் பார்த்து ஏமாறாத ஆள் குறைவு. 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில், அந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்கள் ஒன்பது வருஷம் பழையவை என்று விசாரணையில் தெரிந்தது. முதல் காரணம் அசுர வேகம்தான். ஆனால் அந்த வேகத்தில் ரோட்டைப் பிடிக்க வேண்டிய ரப்பர் எப்போதோ இறுகிப்போயிருந்தது.

இதே போர்ஷேயின் முதல் தலைமுறை பாக்ஸ்டர் வண்டிகளில் இடைத்தண்டு பேரிங் ஒன்று உடைந்து எஞ்சினையே கொண்டுபோகும் என்பது உலகப் பிரசித்தம். அதைக் கழற்றிக் கழற்றிக் கைதேர்ந்த மெக்கானிக்குகள் பலர் சொல்வது என்ன தெரியுமா? அடிக்கடி விரட்டி ஓட்டிய வண்டியைவிட, கராஜில் படுத்துக்கிடந்த வண்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்கிறார்கள்.

புனேயில் இந்தப் படுத்துக்கிடக்கும் ஜாதி வண்டி ஏராளம். பிள்ளை அமெரிக்காவில் இருப்பான். வண்டி அடுக்குமாடியின் அடித்தளத்தில், துணி போர்த்திக்கொண்டு. அப்பா ஞாயிறுதோறும் இறங்கிவந்து பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பார். வண்டிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. சூடேறாத எஞ்சினில் பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலக்கும், நீராவி வெளியேற வழியின்றி உள்ளேயே தண்ணீராகும், சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர்க்குழம்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மீட்டர் மட்டும் நகர்ந்திருக்காது.

நகர்ந்த கிலோமீட்டரிலும் எல்லாம் ஒரே சாதி அல்ல. சாக்கனில் செய்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் வந்தது. ஏழு கியர், உலர் கிளட்ச், தானாக மாறும் வகை. இந்த கியர்பாக்ஸ் குடும்பத்துக்காக அதே 2013-ல் ஃபோக்ஸ்வாகன் பல நாடுகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்து ஆயிலை மாற்றிக்கொடுத்தது. அந்த உலர் கிளட்ச்சுக்கு ஊர்ந்து போவதுதான் எமன். ஹிஞ்சவடி நெரிசலில் நத்தையாக நகர்ந்த 25,000 கிலோமீட்டரையும், சதாரா நெடுஞ்சாலையில் ஒரே கியரில் பறந்த 80,000 கிலோமீட்டரையும் பக்கத்தில் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் தொடுவேன். ஃபியட்டின் ராஞ்சன்காவ் ஆலையிலிருந்து 2015-ல் 145 குதிரைத்திறனோடு, பத்து லட்சத்துக்குள் வந்த அபார்த் புன்டோவுக்கும் இதே பேச்சுதான். ஃபியட் இங்கே கடையைக் கட்டிவிட்டது. அந்த வண்டியை வாங்குகிறவன் கேட்க வேண்டியது "எத்தனை ஓடியிருக்கு?" அல்ல. "டர்போ போனால் எங்கே கிடைக்கும், டைமிங் பெல்ட் எப்போது மாற்றினாய், பில் எங்கே?" என்பதுதான்.

இவ்வளவும் மீட்டர் உண்மை சொல்கிறது என்று வைத்துக்கொண்டு பேசியது. எண் சக்கரம் சுற்றிய காலத்தில் மீட்டரைப் பின்னால் தள்ளக் கொஞ்சமாவது கைத்திறன் வேண்டும். இப்போது ஒரு லேப்டாப், ஒரு ஒயர், ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். இதைத் தடுக்க அமெரிக்கா 1972-லேயே தனிச் சட்டம் போட்டது. பிரிட்டனில் வருஷாந்திரத் தகுதிச் சோதனையின்போது ஓடிய தூரத்தையும் குறித்து வைக்கிறார்கள், வண்டி நம்பரைத் தட்டினால் யாரும் பார்க்கலாம். நம் ஆர்.சி. புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. அரசாங்கமே எழுதி வைக்காத எண்ணுக்குத்தான் நாம் லட்சக்கணக்கில் கூட்டிக் கொடுக்கிறோம்.

எண் நிஜமாகவே குறைவாக இருந்து வண்டி செத்திருப்பதும் உண்டு. 2019 செப்டம்பர் 25 இரவு புனேயில் ஆம்பில் ஓடை பெருகியபோது உயிர்களே போயின. கார்கள் தீப்பெட்டி மாதிரி மிதந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மூழ்கிய வண்டி இன்சூரன்ஸ் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, இன்னொரு ஊரில் "கம்மி ஓட்டம்" என்று நிற்கும். அது பொய்யும் அல்ல. தண்ணீருக்குள் நின்ற வண்டி எப்படி ஓடும்? அதனால்தான் எந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போனாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கிறேன். தரைவிரிப்பைக் கழுவுவார்கள், இருக்கையைக் கழுவுவார்கள். பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை.

மீட்டரைவிட முக்கியமான எண் இன்னொன்று உண்டு, சேசிஸில் பொறித்தது. புனேயிலேயே உருவான டிசி அவந்தி, இந்தியாவின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஆரவாரத்தோடு வந்தது (கோவாவில் செய்த சான் ஸ்டார்மை எல்லாரும் மறந்துவிட்டார்கள் போல). 2020 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் திலீப் சாப்ரியாவை மும்பை போலீஸ் கைது செய்தது. சென்னையில் பதிவான ஓர் அவந்தியைப் பிடித்து விசாரித்தபோது, அதே எஞ்சின், சேசிஸ் எண்களில் இன்னொரு வண்டி ஹரியானாவிலும் பதிவாகியிருந்தது என்பது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. வாங்குகிறவனின் வேலை, குனிந்து சேசிஸ் எண்ணைப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவது. கடன் அடைந்து ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா, என்.ஓ.சி. வாங்கித் தருவாரா என்று கேட்பது. அதைச் செய்யாமல் எல்லாரும் மீட்டரைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

தம்பி கேட்கவில்லை. "ஒரு எட்டு வந்து பாருங்கண்ணா" என்றான். சனிக்கிழமை கோரேகாவ் பார்க் பக்கம் ஓர் அடித்தளத்துக்குப் போனோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள் என்று முன்தினமே சொல்லியிருந்தேன். போனதும் பானட்டில் கை வைத்தேன். இட்லிப் பானை மூடி மாதிரிச் சுட்டது. குளிர்ந்த எஞ்சின் எழுப்பும் முதல் சத்தத்தை நான் கேட்கக் கூடாதென்று யாரோ அக்கறை எடுத்திருக்கிறார்கள். டார்ச் அடித்து டயரின் ஓரத்தைப் படித்தேன்: கடைசி நான்கு இலக்கம் 2610. இருபத்தாறாவது வாரம், 2010. வண்டியோடு பிறந்த டயர்! பட்டன் புத்தம் புதுசு, நகத்தால் அழுத்தினால் பலகை. ஹோஸை விரலால் பிதுக்கினேன், கோடை ஏரி மாதிரி வெடிப்பு. பேட்டரிக்குப் பின்னால் எலி ஒன்று நிலக்கடலைத் தோலும் பஞ்சுமாகக் குடித்தனம் நடத்தியிருந்தது. கூரையை மடக்கச் சொன்னோம். பாதிவரை எழுந்து, கும்பிடு போட்ட மாதிரி நின்றுவிட்டது.

"சென்ஸர் ஹை சார், சோட்டா காம் ஹை" என்றார் விற்பவர். சின்ன வேலைதானாம்.

தம்பி அப்போதும் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து வடா பாவ் தின்னும்போதுதான் மெதுவாகக் கேட்டான், "அந்தக் கூரை மோட்டார் எவ்வளவுண்ணா இருக்கும்?" விசாரித்துச் சொன்னேன். பாவைக் கீழே வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் பாஷாணில் அதே மாடல், ஒரு வருஷம் இளசு. மீட்டரில் 94,000. ஸ்டியரிங் தோல் வழவழத்துப் பளபளத்தது. ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம், ஏறி இறங்கி உரசி உரசி நைந்திருந்தது. தொண்ணூறாயிரம் ஓடிய வண்டியில் அது இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பானட் சில்லென்று இருந்தது. வீட்டுக்காரர் உள்ளே போய் நியாயவிலைக் கடைப் பேரேடு கனத்தில் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு பில். கூலன்ட், வாட்டர் பம்ப், கூரையின் ஹைட்ராலிக் ஆயில், போன வருஷ டயர். எலி கடித்த ஒயருக்கான பில்லைக்கூட மறைக்காமல் கோத்திருந்தார். மழைக்காலத்தில் தாம்ஹிணி மலைப்பாதைக்கு மாதம் இரண்டு தரம் போய்வருவாராம். சாவியைத் திருப்பினார். ஒரே ஒரு இருமல், அப்புறம் சீராகிவிட்டது. கூரை ஒரே மூச்சில் மடங்கியது.

தம்பி என் சட்டைக் கையை இழுத்தான். "அண்ணா, தொண்ணூத்தி நாலாயிரம் ஓடியிருக்கே. அதைச் சொல்லிக் குறைச்சுக் கேக்கலாம்ல?"

கேட்டான். அந்த மனுஷர் குற்றம் செய்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஆமாம், ஓட்டம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று ஒப்புக்கொண்டு ஒரு லட்சத்து இருபதாயிரம் குறைத்தார். இந்தக் கட்டுரையில் எழுதிய எதையும் அப்போது நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.