பார வண்டிகளும் தொழிலாளர் உயிரும்

தொழிற்சாலையிலோ கிடங்கிலோ போர்க்லிப்ட் வண்டி கவிழ்ந்து ஒருவன் மாண்டால், "டிரைவரின் அஜாக்கிரதை" என்ற இரண்டே வார்த்தைகளில் விஷயத்தை முடித்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. மாண்டவன் எழுந்து வந்து மறுப்புக் கூறப் போவதில்லையாதலால், இம்முடிவு மற்றெல்லோருக்கும் சௌகரியமாயிருக்கிறது. அவ்வண்டியை ஓட்ட அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், அவன் தேர்ச்சியைச் சோதித்தது எந்தத் தேதியில் என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்ட பிறகே அவன்மீது குற்றம் சாட்ட நமக்கு உரிமையுண்டு.

இதை மோட்டார் காரைப் போன்றதென்று எண்ணுவதே முதல் பிசகு. கார் முன் சக்கரங்களால் திரும்புகிறது. இது பின் சக்கரங்களால் திரும்புகிறது. ஆகவே வளையும்போது இதன் பின்பாகம் வெளிப்புறமாக வீசிச் சென்று, பக்கத்தில் நிற்பவனைச் சுவரோடு நசுக்கக் கூடும். முன்னே இரண்டு இரும்புக் கரங்களின்மீது பாரம். பின்னே அதற்கு எதிரெடை. இரண்டுக்கும் நடுவே முன் அச்சுத் தாங்கு புள்ளியாக நிற்கிறது. பாரத்தை உயரத் தூக்கியபடியே வேகமாகத் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் சாயும். அத்தருணத்தில் எவனுக்கும் இயற்கையாகத் தோன்றுவது வெளியே குதிப்பதே. குதித்தவன்மீதுதான் தலைக்கு மேலுள்ள இரும்புக் கூண்டு விழுகிறது. ஆசனத்தில் பெல்ட்டுடன் அமர்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, வண்டி சாயும் திசைக்கு எதிர்த் திசையில் உடலைச் சாய்ப்பவனே பிழைக்க வழியுண்டு. நின்றுகொண்டு ஓட்டிப் பின்புறமாக இறங்கும் வகை வண்டியிலோ, பின்வாங்கி வெளியேறிவிடுவதே உசிதம். ஒன்றில் உயிர் காப்பது மற்றொன்றில் உயிர் வாங்கும். இயற்கைப் புத்திக்கு விரோதமான இப்பாடத்தை ஒருவன் தானே அனுபவத்தால் கற்றுக்கொள்ளட்டும் என்று விடுவது, அவனைக் கொல்வதற்குச் சமானமல்லவா?

அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு இலாகா 1998 டிசம்பரில் பிரசுரித்த விதி இங்கே கவனிக்கத் தக்கது. ஓட்டுபவனைத் தேர்ச்சி பெறச் செய்யும் பொறுப்பை அது முதலாளியின் தலையில் வைத்திருக்கிறது. பாடம், செய்கைப் பயிற்சி, வேலை செய்யும் இடத்திலேயே பரீட்சை ஆகிய மூன்றும் வேண்டும். டிரைவரின் பெயர், பயிற்சித் தேதி, பரீட்சைத் தேதி, அவற்றை நடத்தியவர் பெயர் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் மூன்று வருஷத்திற்கொரு முறை மறுபரீட்சை. விபத்து நேர்ந்தாலும், நூலிழையில் தப்பினாலும், வேறுவகை வண்டி கொடுத்தாலும் மீண்டும் பயிற்சி. வேலைக்கு எடுக்குமுன் வண்டியைத் தினந்தோறும் சோதிக்க வேண்டும். தூக்கிய பாரத்தின் கீழ் யாரும் நிற்கலாகாது. இவையெல்லாம் பிரமாத சாஸ்திரமல்ல. ஆனால் கேள்வி வந்தால் காகிதத்தைக் காட்டும் கடமை முதலாளியுடையது; அதில்தான் விதியின் பலம் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் ஊமையென்று நாம் சொல்லவில்லை. 1948ஆம் வருஷத்துப் பாக்டரி சட்டத்தில், போபால் கோரத்திற்குப் பின் 1987இல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, அவசியமான பயிற்சியும் மேற்பார்வையும் அளிப்பது தொழிற்சாலையை நடத்துபவரின் கடமையெனப் பொதுவாக விதித்தது. அச்சட்டத்திற்குப் பதிலாக 2020ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. யந்திர சக்தி உபயோகிக்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் பாக்டரி என்றது பழைய சட்டம். புதியது இருபது பேர் வேண்டுமென்கிறது. பத்துப் பேருள்ள ஸ்தாபனங்களுக்கும் பொதுக் கடமைகள் உண்டென்று சமாதானம் கூறுவார்கள். ஆயினும் தலைகளை எண்ணி அபாயத்தை அளப்பது நமக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு பேருள்ள கிடங்கில் ஓடுவதால் அவ்வண்டியின் எடை குறைந்துவிடுகிறதா?

பயிற்சிக்கு நேரமேது, சரக்கு ஏற்ற லாரிகள் வாசலில் காத்திருக்கின்றனவே என்று மானேஜர்கள் முறையிடுவதுண்டு. லாரி லைசென்ஸ் உள்ளவனிடம் சாவியைக் கொடுத்தால் போதாதா என்பாரும் உளர். கண்டிராக்டர் மூலம் வந்தவனென்றால் அவன் பயிற்சிக்குக் கண்டிராக்டரே பொறுப்பென்று முதலாளியும், முதலாளியே பொறுப்பென்று கண்டிராக்டரும் கைகாட்டுவார்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று காலை முதல் அவசரப்படுத்திவிட்டு, மாலையில் வேகமாக ஓட்டினான் என்று குறை கூறுவது என்ன நியாயமோ!

புதிய சட்டத்தின் கீழ் விதிகள் செய்யும் அதிகாரம் ராஜ்ய சர்க்கார்களுக்கும் உண்டு. பயிற்சியைப் பற்றிய பொது வாசகத்தோடு அவை நின்றுவிடக் கூடாது. வண்டி உள்ள ஒவ்வோரிடத்திலும், அங்கு வேலை செய்வோர் எத்தனை பேராயினும், பெயரும் தேதியும் கையெழுத்தும் கொண்ட பயிற்சிப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டுமென்று விதிக்கட்டும். தொழிற்சங்கத்தார் கேட்டால் அதைக் காட்ட வேண்டுமென்றும் எழுதட்டும். விபத்து நடந்தால் இன்ஸ்பெக்டர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தப் பதிவேட்டையே.