நூறு சென்ட் கனவு

'பேசாம கொஞ்சம் நிலம் வாங்கி விவசாயம் பண்ணிடலாம் மச்சி!' அரியர்ஸ் ஏற ஏற, இந்த டயலாக் விடும் ஆசாமி எல்லா ஹாஸ்டலிலும் உண்டு. அதை நிஜமாவே செஞ்சு பார்த்தவங்க கதை தெரியுமா?

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் தெற்குக் கோடியில் இருக்கிறது சான் டியாகோ நகரம். அதற்கும் தெற்கே, மெக்சிகோ எல்லையை ஒட்டி டிஹுவானா ஆற்றுப் பள்ளத்தாக்கு. வில்லியம் ஸ்மைத் என்ற பத்திரிகையாளர் 1909-ல் அங்கே ஒரு விவசாயக் குடியிருப்பைத் தொடங்கினார். ஊர் பெயர் சான் இசிட்ரோ. விவசாயிகளின் புனிதரான இசிதோரின் பெயர் அது. குடியேறியவர்களுக்குப் பெயர் 'லிட்டில் லேண்டர்ஸ்'. சிறு நிலக்காரர்கள்னு வெச்சுக்கலாம்.

ஸ்மைத் போட்ட கணக்கு சிம்பிள். பெரிய பண்ணையெல்லாம் வேணாம். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், அதாவது நூறு சென்ட் போதும். காய்கறி போடு, கோழி வளர். வீட்டுக்குப் போக மிச்சத்தை எல்லாரும் சேர்ந்து சிட்டியில் வித்துடுங்க. பக்கத்திலேயே நகரம், தலைக்கு மேலே முதலாளி கிடையாது. செம பிளான் இல்ல?

வந்தவர்களில் பலர் வயதானவர்கள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் அதில் நிறைய. இருந்தும் சில வருஷத்தில் நூறு குடும்பம் தாண்டிடுச்சு. ஜெயிச்சாச்சுனு எல்லாரும் நினைச்சாங்க.

ஆனா, தண்ணி வேற கணக்கு வெச்சிருந்தது. மேட்டு நிலத்துக்கு பம்ப் வெச்சுத் தண்ணி ஏத்தணும். நூறு சென்ட் வருமானத்தில் அது பெரிய செலவு. பள்ளத்தில் மண் அருமை. ஆனா, பக்கத்திலேயே ஆறு!

இங்கேதான் காமெடியா ஒரு கேரக்டர் என்ட்ரி. சார்லஸ் ஹாட்ஃபீல்ட். தையல் மெஷின் சேல்ஸ்மேனாக இருந்து, மழை வரவழைப்பவராக மாறியவர். மொரேனா நீர்த்தேக்கத்தை நிரப்பினால் 10,000 டாலர் என்று 1915 டிசம்பரில் சான் டியாகோ நகராட்சியோடு பேச்சு. அவரும் கோபுரம் கட்டி ஏதோ ரசாயனத்தைக் காற்றில் கலந்துவிட்டார். 1916 ஜனவரியில் கொட்டியது பாருங்க மழை! லோயர் ஒட்டாய் அணையே உடைந்தது. மழைக்கும் அவர் மருந்துக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அறிவியல். நகராட்சியும் பைசா தரலை. நடுவில் நிஜமா அடி வாங்கினது சிறு நிலக்காரர்கள். டிஹுவானா ஆறு பெருகி வீடு, தோட்டம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. உயிரும் போச்சு.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் டுஹுங்காவிலும் 1913-ல் இதே பிளானில் இன்னொரு குடியிருப்பு. அங்கே தோண்டினால் கல்லுதான். அந்தக் கல்லிலேயே 'போல்டன் ஹால்' என்று ஒரு பொதுக்கூடம் கட்டினாங்க. விவசாயம் நிக்கலை, கட்டடம் நின்னுடுச்சு. இன்று அது மியூசியம்.

சான் இசிட்ரோவும் அழியலை. 1957-ல் சான் டியாகோவோடு இணைந்தது. இன்று உலகிலேயே நெரிசல் மிகுந்த எல்லைச் சாவடிகளில் ஒன்று அங்கேதான். ஊர் வளர்ந்தது. நூறு சென்ட் தோட்டம்தான் காணோம்.

அவங்க சோம்பேறிகள் இல்லை பாஸ். நல்லாவே உழைச்சாங்க. சிட்டி எவ்வளவு பக்கம்னு பார்த்த அளவுக்கு, தண்ணி எப்படி வரும், எந்த வழியா போகும்னு பார்க்கலை. அவ்வளவுதான். நாளைக்கு நீங்க நிலம் பார்க்கப் போனா, புரோக்கரை விட்டுட்டு பக்கத்து வயல் பெரியவரிடம் அந்த ரெண்டு கேள்வியையும் கேளுங்க. பத்திரத்தில் நாலு எல்லையும் எழுதித் தருவாங்க. ஆத்தோட எல்லையை யாரும் எழுதித் தர மாட்டாங்க!